பின்வண்டி அண்ணன்

இன்று காலை என் தம்பி வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டே யாரிடமோ கிரிக்கெட்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் "காலங்காத்தால இன்னாடா கூச்சல்" என்று உள்ளேயிருந்து நானும் கத்துவேன். இப்போது கத்துவதில்லை. அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு அவன் கத்துவதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். அவன் சத்தம் இந்த வீட்டில் கேட்பது ஒரு மனிதர் போட்ட பிச்சை. இந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் அவர் கோபித்துக்கொண்டிருப்பார், ஆனால் எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. அவர் பெயரை எழுத மாட்டேன். அவர் குடும்பத்துக்கு எங்களால் வீண் வம்பு வேண்டாம்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு மேற்கே மூன்றாவது தெருவில் இருக்கிறது. ரோட்டுக்குக் கிழக்கே கருங்கல் கொட்டிய கரை, அதைத் தாண்டினால் கடல். கடலோரப் பக்கமாகத்தான் டிரெய்லர் வண்டிகள் துறைமுகத்துக்குள் போவதற்காக வரிசை கட்டி நிற்கும். சில நாள் காலையில் பார்த்த வண்டி மறுநாள் காலையில் நூறடி தள்ளி நிற்கும். புதிதாக வருகிறவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். எங்களுக்கு அது ஒரு மதில், அவ்வளவுதான். ரெண்டு வண்டிக்கு நடுவில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு புகுந்து கடல் பக்கம் போவோம், வருவோம். "ரோடு காலியா கீது" என்று நாங்கள் சொன்னால் டிரெய்லர்கள் மட்டும் நிற்கின்றன என்று அர்த்தம்.

இதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பதினாலு வருஷமாக ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். வண்டி நம்பர், கன்டெய்னர் நம்பர், சீல் நம்பர். டிரைவரை நான் கூப்பிடுவதே கடைசி நாலு நம்பரைச் சொல்லித்தான். அவர்களும் அப்படித்தான் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு நூறு பேராவது என் மேஜையைத் தாண்டிப் போனார்கள். அவர்களில் ஒருவர் முகத்தைச் சொல்லு என்றால் நான் திருதிருவென்று விழித்திருப்பேன்.

சில வருஷங்களுக்கு முன், வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில், எங்கள் பகுதிக் கட்சிச் செயலாளரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். கடல் பக்கம், கருங்கல் கரைக்கும் டிரெய்லர் வரிசைக்கும் இடையே உள்ள ஒற்றையடிப் பாதையில். மாலை நாலு மணி. அவர் நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியாது. மழையில் தெரு மூழ்கினால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்குவார், அது தெரியும்.

என் தம்பியும் அதே கட்சி. எர்ணாவூரில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை. அப்போது வரவிருந்த தேர்தலில் யாருக்கு சீட்டு என்பதில் அவனுக்கும் செயலாளருக்கும் தகராறு. கொலைக்குப் பத்து நாள் முன்னால் டீக்கடையில் இருபது பேர் கேட்க "உன்ன ஒரு வழி பண்றேன் பாரு" என்று கத்தியிருக்கிறான். எங்கள் ஊரில் இதை பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்வோம். கொலை நடந்த பிறகு அந்த வாக்கியம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்குச் செயலாளரே அவனுக்கு போன் பண்ணி, "கடல் பக்கம் வாடா, உக்காந்து பேசி முடிச்சுக்கலாம்" என்றிருக்கிறார். இவனும் போயிருக்கிறான். ரெண்டு டிரெய்லருக்கு நடுவில் புகுந்து அந்தப் பக்கம் போனபோது எல்லாம் முடிந்து, ஹெல்மெட் போட்ட நாலு பேர் ரெண்டு பைக்கில் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தம்பி ஓடிப்போய் அவரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணியதும் அவன்தான். அவர் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அன்று மாலையே மஞ்சள் சட்டை முழுக்க ரத்தத்தோடு தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு வாரத்தில் அந்த நாலு பேரும் கிடைத்தார்கள். ஐந்தாவது குற்றவாளி என் தம்பி. பேசலாம் என்று ஏமாற்றி அவரை அங்கே வரவழைத்தது இவன்தான் என்று வழக்கு.

யாராவது பார்த்திருக்க வேண்டுமே என்று தெருத்தெருவாகப் போய்க் கேட்டேன். போலீசும் கேட்டார்கள், கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "ரோட்ல யாருமே இல்லக்கா." யாரும் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் டிரெய்லர்தான் தெரியும். எதிர்க் கடையில் ஒரு கேமரா இருந்தது, அதிலும் டிரெய்லர்தான் விழுந்திருந்தது.

கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் "ரத்தக்கறை படிந்த வெள்ளைத் துண்டு ஒன்று" என்று இருந்தது. தம்பி கையோடு கொண்டுபோன துண்டு என்று எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டில் அப்படித் துண்டே கிடையாது. புழல் ஜெயிலில் அவனைப் பார்க்கப் போனபோது கேட்டேன்.

"அது மேலேருந்து உழுந்துச்சுக்கா. அத்த வச்சுத்தான் காயத்த அமுக்கினேன்."

"மேலேருந்துன்னா? வானத்துலேருந்தா?"

"சத்தியமாக்கா. நான் நிமுந்து பாக்கல. என் கையிலேயே வந்து உழுந்துச்சு."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உயிர் போகிற நேரத்தில் ஒழுங்காக ஒரு பொய் சொல்லக்கூட உனக்குத் துப்பில்லையா என்று கத்திவிட்டு வந்தேன். எங்கள் வக்கீல் அம்மா பொறுமைசாலி. அவரே இதைக் கேட்டுவிட்டு ஃபைலை மூடி வைத்துவிட்டு, "இதைக் கோர்ட்டுல சொன்னா சிரிப்பாங்கம்மா" என்றார். சொந்த அக்காவே நம்பவில்லை, ஜட்ஜ் எப்படி நம்புவார்? இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ரெண்டு மாதம் போனது. ஒரு நாள் காலை கேட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு டிரைவர் கீழே இறங்கச் சோம்பேறித்தனப்பட்டு, காகிதங்களைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு கேபினிலிருந்தே வீசினார். அது என் தோளில் வந்து விழுந்தது. இது தினமும் நடக்கிற கூத்து, தினமும் நான் திட்டுவேன். அன்றைக்கும் வாய்க்கு வந்தபடி திட்டுவதற்காக நிமிர்ந்தேன். கேபின் ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. அது எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். திட்டுவதற்குத் திறந்த வாய் அப்படியே நின்றது. பேனாவைப் போட்டுவிட்டு, சூப்பர்வைசரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, வக்கீல் வீட்டுக்கு ஓடினேன்.

வக்கீல் அம்மா சம்பவ இடத்தின் வரைபடத்தை எடுத்து விரித்தார். கடல், கருங்கல் கரை, செயலாளர் விழுந்து கிடந்த இடத்து விளக்குக் கம்பம், கம்பத்தின் நம்பர் எல்லாம் சுத்தமாகப் போட்டிருந்தார்கள். டிரெய்லர் வரிசைக்கு மட்டும் மேலிருந்து கீழாக ஒரே ஒரு கோடு. பக்கத்தில் "கனரக வாகனங்கள்" என்று எழுதியிருந்தது. அந்தக் கோட்டுக்குள் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

கொலை நடந்த அன்று மாலை நாலு மணிக்கு அந்தக் கம்பத்தடியில் நின்ற வண்டி எது? துண்டு நேராகக் கீழே விழுந்திருக்கிறது என்றால் அந்த வண்டியின் டிரைவர்தான் போட்டிருக்க வேண்டும். அவர் கிடைத்தால் தம்பி பிழைப்பான். கிடைக்காவிட்டால் ஆயுசு முழுக்க உள்ளேதான் என்று வக்கீல் அம்மா மறைக்காமல் சொன்னார். ஒன்று எச்சரித்தார்: கொலைக் கேஸ் என்று சொன்னால் ஒரு டிரைவரும் வாய் திறக்க மாட்டான், வேறு ஏதாவது சொல்லு. எங்கள் யார்டு கன்டெய்னர் ஒன்றில் கதவுச் சீல் உடைந்துவிட்டது, அதற்கு விசாரணை என்று சொல்வதாக நான் யோசனை சொன்னேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கொலை நடந்ததால் அன்றைக்கு வரிசை மூணு மணி நேரம் அசையவில்லை. அதனால் எந்த இடத்தில் நின்றோம் என்பது டிரைவர்களுக்கு மறக்கவில்லை. இன்னொன்றையும் அவர்களிடம் கற்றேன். வரிசையில் நிற்கிறவனுக்கு முன்வண்டியின் முதுகு மறக்காது. ஒரு நாள் முழுக்க அதைத்தானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்! அன்று காலை எங்கள் யார்டிலிருந்து துறைமுகத்துக்குப் போன வண்டிகளை என் ரிஜிஸ்டரில் பார்த்தேன். அதில் ஒன்றின் டிரைவர் பெட்ரோல் பங்குக்கு எதிரே நின்றதாகச் சொன்னார். அங்கிருந்து கம்பம் பதினாலு வண்டி முன்னால். "உங்களுக்கு முன்னாடி எந்த வண்டி?" என்று அவரில் ஆரம்பித்தேன்.

வேலை முடிந்த மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வரிசை ஓரமாக நடந்தேன். கதவுக் கம்பியில் குழந்தைச் செருப்பு கட்டிய பச்சை வண்டி. பம்பரில் மயில் வரைந்த வண்டி, அந்த மயிலுக்கு ஒரு கால்தான். ஒரு விளக்கு மட்டும் மஞ்சளாக எரிகிற வண்டி. ஒருவர் அடையாளம் சொல்வார், அந்த வண்டி மறுபடி வரிசைக்கு வரும்வரை காத்திருந்து அதன் டிரைவரைப் பிடிப்பேன். அவர் தனக்கு முன் நின்ற வண்டியைச் சொல்வார். எத்தனை பேர் உதவினார்கள்! தங்களுக்குள் போன் போட்டு, "கேட்டு அக்கா தேடுது, ஒத்தக்கால் மயிலு எங்க கீது" என்று விசாரித்து வைப்பார்கள். நான் வருஷக்கணக்கில் திட்டித் தீர்த்த ஆள்கள். எனக்கு ஒரு முக்காலி எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்கள். அவர்களிடம் சீல் உடைந்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறோமே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஏழு வாரம் ஆனது. கம்பத்துக்கு ஒரு வண்டி பின்னால்வரை வந்துவிட்டேன். அந்த வண்டிக்காரருக்கு ஐம்பதுக்கு மேல் வயது, தூத்துக்குடிப் பக்கம். மூக்குக் கண்ணாடியை நூல் போட்டுக் கட்டியிருந்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்டவ் வைத்து டீ போட்டுக்கொண்டிருந்தவர் எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். முன்னால் நின்றது சிவப்புக் கேபின் வண்டி, இடது பக்க சைடு மிரர் உடைந்து கம்பி போட்டுக் கட்டியிருக்கும், பொன்னேரிப் பக்கத்து ஆள் என்று சொன்னார். அந்த ஆளின் நம்பரையும் கொடுத்தார். பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, டீயையே கிண்டிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது அதெல்லாம் கண்ணில் படவில்லை. பதினாலாவது வண்டி கிடைத்துவிட்டது என்ற குஷியில் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாளே சிவப்புக் கேபின்காரரைப் பிடித்தேன். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நான் அப்போ வண்டியிலேயே இல்லக்கா. காலடிப்பேட்டைல சலூன்ல முடி வெட்டிகினு இருந்தேன். திரும்பி வர்றப்போ ஒரே கூட்டம், போலீசு. பேஜாரா பூட்ச்சுனு தள்ளி நின்னுட்டேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏழு வாரம் நடந்து நடந்து கால் வீங்கியது ஒரு காலி கேபினுக்குத்தானா! கருங்கல் மேல் உட்கார்ந்து அவரை, அவர் முடியை, சலூன்காரரை எல்லாம் சேர்த்துத் திட்டினேன். அந்த மனிதர் பாவம், தன் தப்பு போலவே நின்றுகொண்டிருந்தார். அழுகை கொஞ்சம் அடங்கியதும்தான் ஒன்று உறைத்தது. காலி கேபின் என்றால் துண்டை யார் போட்டது?

"வரிசை நகுந்தா வண்டிய யாரு எடுப்பா?"

"சாவிய பின்வண்டி அண்ணன்கிட்ட குடுத்துட்டுப் போவோம்க்கா. அவரு வந்து நம்ம வண்டிய ஏத்தி உட்டுட்டு, அப்புறம் தன் வண்டிய எடுப்பாரு. எல்லாரும் அப்படித்தான்."

எல்லாரும் அப்படித்தான். பதினாலு வருஷம் கேட்டில் உட்கார்ந்த எனக்கு இது தெரியாது. பின்வண்டி அண்ணன் என்றால் டீ கொடுத்தவர். முந்தின நாள்தான் அவர் எதிரே உட்கார்ந்து, முன்வண்டி எது, முன்வண்டி எது என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தவள் நான். போலீஸ் வரைந்த கோட்டைக் குறை சொன்னேனே, நானும் அதே கோட்டைத்தான் போட்டிருந்தேன்.

அவர் லோடு எடுத்துக்கொண்டு ஊர்ப் பக்கம் போய்விட்டார். திரும்பி வரப் பதினோரு நாள் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசையில் அவர் வண்டியைப் பார்த்ததும் வேகமாக நடந்து அவரிடம் போனேன். இந்த முறை சீல் கதை சொல்லவில்லை. "அண்ணே, நான் போன தபா உங்களாண்ட பொய் சொன்னேன். கொலைக் கேசுல என் தம்பிய உள்ள வச்சிருக்காங்க" என்று நேராகவே ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே கேட்டார்.

"அந்த மஞ்சச் சட்டைக்காரரு உங்க தம்பியாம்மா?"

நான் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவரையா பிடிச்சு வச்சிருக்காங்க? அவரு தூக்குன ஆளுல்லா!" என்று சத்தம் போட்டார். ஸ்டவ்வை அணைத்தார். "வெட்டுனவன்களப் பிடிச்சாச்சுன்னு பேப்பர்ல பாத்தேன். கேசு முடிஞ்சுதுன்னு நெனச்சேன். இவரை எதுக்குப் பிடிச்சாங்க?"

பிறகு மெதுவாகச் சொன்னார். சிவப்பு வண்டியைக் கம்பம்வரை ஏற்றிவிட்டு இறங்கப் போனபோது கீழே பைக் சத்தம். எட்டிப் பார்த்தபோது நாலு பேர் செயலாளரை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு பேரும் கிளம்பும் நேரத்தில் வண்டிகளுக்கு நடுவிலிருந்து மஞ்சள் சட்டைக்காரர் "ஐயோ" என்று கத்திக்கொண்டு வந்து தூக்கினாராம். இவர் தன் கழுத்தில் இருந்த துண்டை உருவி இடது ஜன்னல் வழியாகப் போட்டாராம். அதற்கு மேல் இறங்கக் கால் வரவில்லை.

"போலீஸ்காரரு வந்து கதவத் தட்டுனாரும்மா. சொல்லிருவோம்னுதான் கண்ணாடிய எறக்குனேன். 'ஆம்புலன்ஸ் வரணும், வண்டிய ஓரங்கட்டு'ன்னாரு. ஓரங்கட்டுனேன். அதுக்கப்புறம் யாரும் கேக்கல. எனக்கும் பயம் வந்துட்டு."

"நான் வந்தப்பயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சீலுன்னுல்லா கேட்டீங்க. கொலைன்னு கேட்டிருந்தா அன்னைக்குப் பொய்தான் சொல்லியிருப்பேன். பாக்கலன்னு சொல்லியிருப்பேன்."

சாட்சி சொல்ல வருவீர்களா என்று கேட்டேன். கை எடுத்துக் கும்பிட்டேன். அவர் வருகிறேன் என்று சொல்லவில்லை. ஊரில் ரெண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், வெட்டுகிறவர்களுக்கு என் வண்டி நம்பரைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்றார். நானே கண்டுபிடித்துத்தானே அவர் முன்னால் நிற்கிறேன்.

மூணு நாள் கழித்து கேட்டில் ஒரு வண்டி வந்து நின்றது. எங்கள் யார்டுக்கு வர வேண்டிய வண்டி இல்லை. கேபின் கதவைத் திறந்து, படியில் கால் வைத்து நிதானமாக இறங்கி என் மேஜை முன்னால் வந்து நின்றார். "வக்கீல் வீடு எங்கம்மா இருக்கு?" என்றார். எழுந்து நிற்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ரிஜிஸ்டர் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன.

பதினோரு மாதம் கழித்துத் தம்பிக்கு ஜாமீன் கிடைத்தது. வழக்கு வருஷக்கணக்கில் போனது. எங்கள் பக்கச் சாட்சி என்று அவரை ஆறு முறை வரச் சொன்னார்கள். ஐந்து முறை வாய்தா. ஒரு முறை வக்கீல்கள் கோர்ட்டுக்குப் போகவில்லை, ஒரு முறை ஜட்ஜ் லீவு. ஒரு தடவை ஊரிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து, ரெண்டே நிமிஷத்தில் அடுத்த தேதி வாங்கிக்கொண்டு திரும்பினார். முதலாளி வேறு டிரைவரைப் போட்டுவிட, அவர் இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்தார். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிடுவார், மீன் குழம்பில் புளி பற்றாது என்று என்னிடமே சொல்வார். ஏழாவது வாய்தா வந்தாலும் வருவேன், ஆனால் அதற்குள் குழம்பு வைக்கக் கற்றுக்கொள் என்பார்.

அவர் கூண்டில் ஏறிய நாளில் செயலாளரின் மனைவியும் கோர்ட்டில் இருந்தார். எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு. அதுவரை என்னைப் பார்த்தால் அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அரசு வக்கீல் எழுந்து, இந்தத் துண்டு உன்னுடையது என்பதற்கு என்ன ஆதாரம், கடையில் ஆயிரம் வெள்ளைத் துண்டு கிடைக்கிறதே என்று மடக்கினார்.

"ஒரு மூலையில வட்டமாக் காந்தல் இருக்கும்யா. ரேடியேட்டர் மூடி சூடா இருக்கும்போது துண்டு வச்சுத்தான் தெறப்போம். அதுல பட்டது."

ஜட்ஜ் சீல் வைத்த பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னார். ரத்தம் கறுத்துப்போய்த் துணி விறைத்திருந்தது. ஊழியர் மூலை மூலையாகப் பிரித்தார். மூன்றாவது மூலையில் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம் இருந்தது. இத்தனை வருஷமாக அது அந்தப் பொட்டலத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. "இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை?" என்று வக்கீல் விடாமல் கேட்டார். "பயம்யா," என்றார் அவர். வேறு எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. வெளியே வரும்போது செயலாளரின் மனைவி என் தம்பி எதிரே வந்து நின்றார். அவன் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

நாலு பேருக்கும் தண்டனை. தம்பிக்கு விடுதலை. அன்று எங்கள் தெருவில் வெடி போட வந்தவர்களை நான் விரட்டிவிட்டேன். செத்தவர் வீடு ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறது.

இதையெல்லாம் அவர் இருக்கும்போதே நான் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. போன மாதம் அவர் தன் ஊரில், தன் வீட்டில், உடம்பு முடியாமல் காலமானார். தம்பி போய் எல்லாக் காரியத்துக்கும் கூட நின்றுவிட்டு வந்தான். அவர் போன பிறகுதான் எழுதலாம் என்று ஆனது. அதற்குக் காரணம், தீர்ப்பு வந்த வாரத்தில் நடந்த ஒரு சின்ன விஷயம்.

கேஸ் முடியும்வரை சாட்சியோடு பேசக் கூடாது என்று வக்கீல் அம்மா தம்பியைக் கட்டிப்போட்டிருந்தார். அவர் சாப்பிட வந்தால் இவன் பட்டறையிலேயே இருந்துகொள்வான். தீர்ப்பு வந்ததும் அவரைப் பார்த்தே தீர வேண்டும் என்று நின்றான். அவர் வண்டி காத்திவாக்கம் பக்கம் நின்றது. காலை எட்டு மணி இருக்கும், ரெண்டு பேரும் நடந்து போனோம். தம்பி அவர் காலில் விழப் போனான், அவர் பதறித் தோளைப் பிடித்துத் தூக்கினார். வெயிலில் வந்திருக்கீங்களே என்று எல்லா வண்டியிலும் போலக் கேபின் ஜன்னலோரம் தொங்கிய கேனை எடுத்து அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார். அவன் டம்ளரை வாயில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கோர்ட்டுல கேக்க முடியல. வெட்டுப்பட்டவரு ஒதடு அசைஞ்சுது, மேல இருந்து பாத்தேன். இன்ஜின் சத்தத்துல கேக்கல. ஏதும் கேட்டாரா?"

தம்பி டம்ளரை இறக்கினான். அதில் மிச்சமிருந்த தண்ணீரைப் பார்த்தான்.

"ஒண்ணியும் கேக்கலண்ணே. மூச்சு வாங்கினாரு, அவ்ளோதான். என் கைய கெட்டியா புடிச்சுகினாரு."

"நெசமாவா? ஒண்ணும் கேக்கலயா?"

"கேக்கலண்ணே."

அவர் பெரிய மூச்சு ஒன்று விட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தன வருசமா அதே நெனப்புதான் தம்பி. தூக்கத்துல வந்துரும். இனிமே பரவால்ல" என்றார். முகமே மாறிவிட்டது. ஆளுக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார், சாப்பிட்டோம். என் சட்னியைவிட அவர் சட்னி நன்றாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பி வரும் வழியில் ரெண்டு வண்டிக்கு நடுவே புகும் இடத்தில் தம்பி நின்றுவிட்டான். என்னடா என்றேன்.

"தண்ணி கேட்டாருக்கா. ரெண்டு தபா கேட்டாரு. என்னாண்ட இல்ல."

அவன் தோளைத் தள்ளி முன்னால் நடக்கவிட்டு, பின்னாலேயே வீட்டுக்கு வந்தேன்.